சர்க்கரை கிடக்கும் பாதி

தலைவர் ஒரு சங்கதியை ரகசியம் என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அதற்கு மைக் செட் வந்துவிடும். பேக்கரி அவருடையது. அதே தெருவில் இருக்கும் நற்பணி மன்றமும் அவருடையது. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. முதலாளி என்றால் சம்பளத்தை ஏற்றச் சொல்லுவார்கள். தலைவர் என்றால் கை தட்டுவதோடு விட்டுவிடுவார்கள். ஆகவே ரஸ்க் வாங்க வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட "தலைவரே" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டி திறக்காது.

அன்று சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர் அடுப்பறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம். செங்கல் அடுப்பின் வாய் திறந்திருக்கும்போது உள்ளே நிற்கிறவனுக்குச் சட்டையும் தோலும் ஒன்றாக ஒட்டிப்போகும். தலைவரின் சட்டையோ கஞ்சி போட்டது. மாஸ்டர் பனியனோடு நின்று, படகுத் துடுப்பு மாதிரியான நீளப் பலகையை உள்ளே விட்டு, சாயங்கால பன் தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். பின்சுவரோரம் இருக்கிற தட்டு முன்னால் வர வேண்டும், முன்னால் இருக்கிறது பின்னால் போக வேண்டும். நெருப்பு இன்றைக்கு எந்தப் பக்கம் கோபமாக இருக்கிறது என்பது பலகை பிடித்த கைக்குத்தான் தெரியும்.

"மாஸ்டர், ஒரு ரகசியம்."

"சொல்லுங்கய்யா."

"ஞாயித்துக்கிழமை நம்ம மன்றம் எய்ட்ஸ்காரங்களுக்கு உதவி வழங்குது. வேற எங்கயும் இல்ல, இங்கதான், டெய்லர் கடை மாடியில. தையல் கிளாஸ்னு போர்டை மாட்டிக்கிட்டு உள்ள அவங்கதான் கூடுறாங்களாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இத்தனை நாளா நம்ம பக்கத்துலயே இருந்திருக்காங்க, பாத்தீங்களா?"

பலகை அடுப்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்ன மாஸ்டர், கருகுது பாருங்க."

ஒரு தட்டு கருகித்தான் போனது. மாஸ்டர் கையில் கருகிய பன்னை அந்த பேக்கரியில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வாடை பிடித்து, ரஸ்க் அடுக்கும் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்த மாஸ்டர் மனைவி, ரஸ்க் தூள் ஒட்டிய கையோடு நிலைப்படியிலேயே நின்றாள்.

தலைவருக்குக் கருகலைவிடப் பெரிய யோசனைகள் இருந்தன. "அதுக்கு ஒரு ஸ்பெஷல் ரொட்டி வேணும். ரெண்டு கை ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கிற மாதிரி. நான் அதைப் பிய்ச்சுக் குடுக்கறப்ப கேமராவுல நல்லா விழணும்."

"கை மாதிரி பண்ணினா உள்ள போனதும் பொங்கும்யா. விரல் எல்லாம் வீங்கிடும்."

"உதவிக்கரம்தானே, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும். அதை நீங்கதான் தூக்கிட்டு வரணும். வேற எவன் கையில குடுத்தாலும் ரெண்டு விரலாவது உடைச்சிடுவான். வேட்டி சட்டை வெளுப்பா போட்டுக்குங்க."

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். மாஸ்டர் கருகிய தட்டை இழுத்துக் கீழே வைத்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பன்னைப் பார்த்தார்.

அந்த மாடிக்கு வாரம் தவறாமல் போகிறவர்களில் மாஸ்டரும் ஒருவர். இது தலைவருக்குத் தெரியாது. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வருடக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் கிருமியைத் தேடினால் கண்ணில் படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். மனைவிக்கு அது இல்லை, பரிசோதித்துப் பார்த்தாயிற்று. ஆனால் விஷயம் தலைவர் காதுக்குப் போனால் அன்றைக்கே மாஸ்டரின் கை மாவிலிருந்து எடுக்கப்படும். ரொட்டி பிசைகிற ஆளுக்கு இந்த நோய் என்று தெரிந்தபின் எந்த ஊரில் எந்த பேக்கரி சேர்த்துக்கொள்ளும்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. கற்றுக்கொள்கிற வயதும் இல்லை.

*

டெய்லர் கடை மாடியில் நிஜமாகவே இரண்டு தையல் மெஷின்கள் உண்டு. டெய்லரக்கா அவற்றுக்கு வாராவாரம் எண்ணெய் விடுவாள், யாராவது மேலே வந்து பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதே என்று. புருஷன் போனபிறகு தனக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவள். தனியாக அழுதது போதும் என்று ஆட்களைச் சேர்த்து உட்காரவைத்தவளும் அவள்தான். வருகிற பெண்கள் கையில் ஒரு ரவிக்கைத் துணி இருக்கும். ஆண்கள் பேன்ட் எடுத்து வருவார்கள். ரிட்டயரான கண்டக்டர் ஒருவர் ஒரே காக்கி பேன்ட்டைத்தான் எப்போதும் எடுத்து வருவார். "இடுப்பைப் பிடிக்கணும்" என்று ஒரு வாரம், "இடுப்பை விடணும்" என்று மறுவாரம். கீழே வெற்றிலைக் கடைக்காரர் ஒரு நாள் அவரை நிறுத்தி, "அண்ணே, உடம்பு ஒரு நிலையில நிக்காதா உங்களுக்கு?" என்று கேட்டே விட்டார்.

எப்படி வந்தது என்று அங்கே ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மாத்திரை போட்டாயா, சோறு இறங்குகிறதா, வீட்டில் பேசுகிறார்களா என்பதுதான். யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் கண்டக்டர் பேன்ட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். மருந்தை நிறுத்தியவனுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, "நீ முழுங்கு, நான் கிளம்பறேன். அவசரமே இல்ல, எனக்கு வண்டி எடுக்கற வேலையும் இல்ல" என்பார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டீ வந்தால் ஆளுக்கொரு டம்ளர் கிடையாது. ஒருவர் பாதி குடித்துப் பக்கத்தில் கொடுப்பார், மீதியை அவர் குடிப்பார். பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், சிலருக்குத் தனி வாளி. அதற்கு மருந்தாக டெய்லரக்கா கண்டுபிடித்தது இது. சர்க்கரையைக் கலக்காமல் போடச் சொல்லுவாள். முதலில் குடிக்கிறவருக்குக் கசப்பு, வாங்கிக் குடிக்கிறவருக்கு அடியில் கிடக்கிற இனிப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் இரண்டாவது பாதி. கூட வருகிற மனைவிமார், தம்பிமார், நோய் இல்லாதவர்களும் அப்படித்தான் குடிப்பார்கள்.

மாஸ்டர் மனைவி மட்டும் குடித்ததில்லை. கதவோரம் உட்காருவாள். டம்ளர் வந்தால், "இப்பதான் வீட்டுல குடிச்சேன்க்கா" என்பாள். டெய்லரக்கா வற்புறுத்தமாட்டாள். "சரிம்மா, உன் பாதி கடன்ல இருக்கட்டும்" என்று டம்ளரை அடுத்த ஆளுக்குத் திருப்புவாள்.

ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சொல்வதை அவரைவிடத் தெளிவாக அவளே புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் தலைக்குத் தெரிந்தது அவள் கைக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்கு மேலே ஓர் ஆணி. அதில் காது வைத்த பெரிய டம்ளர் ஒன்று தொங்கும். அது மாஸ்டருடையது. மற்ற டம்ளர்கள் அலமாரியில். யாராவது கேட்டால், "அவருக்குப் பெரிசுல குடிச்சாத்தான் குடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். மாஸ்டர் ஒருநாளும் அந்த ஆணியைப் பற்றிப் பேசியதில்லை.

"படம் எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான்யா சரின்னேன்" என்றாள் டெய்லரக்கா, மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும். "படுத்துக் கிடக்கிறவங்க வீட்டுக்கு அரிசி, பருப்பு வேணும்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். அவங்க மன்றத்துக்கிட்ட சொல்லிட்டாங்க. உங்க மொதலாளி மன்றம்னு எனக்கென்ன தெரியும்?"

"இவர் அன்னைக்கு வரலைன்னா?" என்றாள் மனைவி. "காய்ச்சல்னு படுத்துக்கட்டும்."

"காய்ச்சல்னா டாக்டர்கிட்ட வண்டியில ஏத்தி, அதையும் படம் எடுப்பார்" என்றார் மாஸ்டர்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? பஸ்ல ஏறின மாதிரி இருப்போம். பக்கத்து சீட்டுல யாருன்னு யாருக்குத் தெரியும்? நீங்க ரொட்டி கொண்டு வந்த ஆளு. நாங்க ரொட்டி வாங்கற ஆளு. மூஞ்சியப் பாத்து யாரும் சிரிச்சிடக் கூடாது. அவ்வளவுதான்."

*

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி அடுப்பிலிருந்து வந்தபோது இரண்டு கைகளாக இல்லை. ஒரு நண்டாக இருந்தது. மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலைவர் வந்து தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தூரத்துல இருந்து பாத்தா மனிதநேயம் தெரியுது" என்றார்.

தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாஸ்டர் அந்தப் படிகளில் ஏறினார். அவர் வாராவாரம் ஏறித் தேய்ந்த படிகள்தான். கடைசிப் படி சற்று உயரம், புதியவர்கள் எல்லாரும் அதில் கால் தட்டுவார்கள். மாஸ்டர் கால் தட்டாமல் ஏறினார். பின்னால் வந்த தலைவர் தட்டினார், புகைப்படக்காரரும் தட்டினார். கடைசியாக பன் கூடையோடு வந்த மனைவி வேண்டுமென்றே கால் தட்டினாள். பழகின கால் எது என்று ஏறும்போதே தெரிந்துவிடுகிறதே.

தலைவர் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. படம் கூடாது என்ற கண்டிஷனை டெய்லரக்கா நினைவுபடுத்தியதும் அவர் முகம் சுருங்கியது. "அம்மா, அவங்க முகம் வேண்டாம். என் முகம் இருந்தாப் போதும்." எல்லாரும் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காருவது என்று முடிவாயிற்று. ஆக அந்த அறையில் முகம் இருந்தவர்கள் இரண்டே பேர்: தலைவர், அவர் பக்கத்தில் நண்டைத் தாங்கிய மாஸ்டர். முகமில்லாத முதுகுகளில் கண்டக்டரின் முதுகு முன்வரிசையில் இருந்தது.

தலைவர் பேசினார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததைத் தம் சொந்தக் கண்டுபிடிப்புப் போலப் பேசினார். தொட்டால் பரவாது. கைகுலுக்கினால் பரவாது. "ஏன், ஒரே டம்ளரில் குடித்தாலும் பரவாது என்று இந்த மேடையில் நின்று முழங்குகிறேன்." மேடை என்று அங்கே ஒன்றும் இல்லை. "இவர்கள் நம் குடும்பம்" என்றார். குடும்பத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு மேஜையைப் போட்டிருந்தார்கள். பிறகு நண்டைப் பிய்த்தார். கட்டைவிரல் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது மணிக்கட்டோடு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. முதுகுகள் மட்டும் லேசாகக் குலுங்கின.

அரிசிப் பைகளைக் கொடுத்து முடித்ததும் டெய்லரக்கா டீ ஊற்றினாள். மன்றத்துக்காரர்களுக்குக் காகிதக் கோப்பை, தன் ஆட்களுக்கு வழக்கமான டம்ளர்கள். மாஸ்டர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். அடுப்புச் சூட்டில் பாதி, பயத்தில் பாதி தொண்டை காய்ந்திருந்தது. காலித் தட்டோடு மேஜையைச் சுற்றி வந்து முன்வரிசையை ஒட்டி நின்றார். கண்டக்டர் டம்ளரை வாங்கினார், பாதி குடித்தார், எப்போதும் செய்கிற மாதிரி பக்கத்தில் பார்க்காமலே நீட்டினார். மாஸ்டர் வாங்கினார், குடித்தார், அடிச் சர்க்கரை நாக்கில் படும்வரை அண்ணாந்து குடித்தார்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது. தலைவர் வாயில் பாதி பன்னோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பன் கூடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். இதோ இப்போது கேட்பார், உங்களுக்கு இவரைத் தெரியுமா என்று.

புகைப்படக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், அருமை சார். ஒரே டம்ளர். அதை இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க, நான் விட்டுட்டேன்."

தலைவர் பன்னை விழுங்கினார். விழுங்கிய வேகத்தில் முகம் மாறியது. "பாத்தீங்களா? என் மாஸ்டர். என் பேக்கரி. நான் சொன்னேன், அவர் செஞ்சு காட்டிட்டார். இதெல்லாம் என் வளர்ப்பு." மாஸ்டர் தோளைத் தட்டப் போனவர், டம்ளரைப் பார்த்ததும் கையைக் காற்றிலேயே தட்டி முடித்தார்.

இன்னொரு டம்ளர் வந்தது. கண்டக்டர் கேமராவுக்கு முதுகைக் காட்டிப் பாதி குடித்து நீட்டினார். மாஸ்டர் வாங்கிக் குடித்தார். பளிச்சென்று வெளிச்சம்.

"சார், நீங்களும் ஒரு வாய் வச்சீங்கன்னா முதல் பக்கமே வரும்" என்றார் புகைப்படக்காரர்.

"எனக்கு டாக்டர் டீயே கூடாதுன்னுட்டார்ப்பா."

காலையிலிருந்து அவருக்கு மூன்று டீ போட்டுக் கொடுத்த மாஸ்டர் மனைவி குனிந்து கூடைத் துணியைச் சரிசெய்தாள்.

*

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. "ஒரே டம்ளரில் குடித்தாலும் பரவாது: மன்றத் தலைவர் முழக்கம்." தலைவர் பெரிதாக, மாஸ்டர் டம்ளரோடு சிறிதாக, கண்டக்டரின் முதுகு. தலைவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினார். பன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். "நம்ம மாஸ்டரா? பயமே இல்லாத ஆளுய்யா" என்றார்கள். மாஸ்டரும் மனைவியும் எதற்குப் பயந்து செத்தார்களோ அது நேர்மாறாகத் திரும்பியிருந்தது. மாஸ்டரை இனி அந்த மாடிப்படியில் யார் பார்த்தாலும், தொண்டு செய்யப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். மனைவி முதல்முறையாக மூச்சு விட்டாள்.

அது அடுப்பறைக்குத் தலைவர் வரும்வரைதான். மூக்கில் கைக்குட்டை. வாசலைத் தாண்டவில்லை.

"மாஸ்டர், நேத்து நீங்க செஞ்சது பெரிய காரியம். மறுக்கல. ஆனா எச்சில் எச்சில்தானே. ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் மாவைத் தொட வேண்டாம். என் மச்சினன் பாத்துக்குவான்."

மாஸ்டர் பலகையைச் சுவரில் சாய்த்தார். வெளியே போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். டெஸ்ட் எடுத்தால் என்ன வரும் என்பது அவருக்கும் மனைவிக்கும் தெரியும்.

மச்சினனுக்கு மாவு பொங்கும்வரை பொறுமை இல்லை. வந்த ரொட்டி செருப்பு மாதிரி இருந்தது. வாடிக்கையாக வரும் டீச்சரம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். "என்ன தலைவரே, இது திங்கறதுக்கா, கதவுக்கு அண்டை குடுக்கறதுக்கா? மாஸ்டர் எங்க?"

ரஸ்க் அறையிலிருந்து மாஸ்டர் மனைவி வந்தது அப்போதுதான். தலைவர் பக்கத்தில் போய் நின்று, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "டீச்சரம்மா கேக்கறாங்க. நான் பதில் சொல்லட்டுங்களா? ஒரே டம்ளர்ல குடிச்சார்னு தலைவர் டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார்னு?"

"என்னம்மா, மிரட்டறியா?"

"நான் எதுக்குங்க மிரட்டறேன்? பேப்பர்ல நீங்க முழங்கினதை நீங்களே ஒட்டியிருக்கீங்க. அது நெஜம்னா அவர் அடுப்புக்குப் போகட்டும். பொய்ன்னா கிழிச்சிடுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் குரல் உயரவில்லை. படம் ஒட்டியிருந்த கண்ணாடிப் பெட்டிமேல் கையை அழுத்தி வைத்திருந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் படத்தைப் பார்த்தார். அதைக் கிழிப்பதற்குப் பதில் தம் காதைக் கிழித்துக்கொள்வார்.

"டெஸ்ட்டுன்னு யார் சொன்னா?" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "நேத்து முழுக்க நின்னாரே, கொஞ்சம் ஓய்வெடுங்கன்னு சொன்னேன். மாஸ்டர், வாங்க, வாங்க. டீச்சரம்மாவுக்கு நல்ல ரொட்டியா போட்டுக் குடுங்க."

மாஸ்டர் எழுந்து வந்தார். கூட்டம் கலைந்ததும் தலைவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு புது எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அடியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு. "வேலையெல்லாம் பாருங்க. டீ மட்டும் கொஞ்ச நாளைக்கு இதுல குடிங்க. மத்தவங்க மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. ஒரு மனுஷனுக்குத் தனி டம்ளரா என்று கேட்க வாயைத் திறந்தாள்.

"இருக்கட்டும்யா" என்றார் மாஸ்டர், டம்ளரை வாங்கிக்கொண்டே. "வீட்டுலயும் எனக்குத் தனிதான். பழக்கம்தான்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தலைவருக்கு ஒரு சமாதானம் வேண்டும், அது கையோடு கிடைத்தது, கொடுத்தார், அவ்வளவுதான். தலைவர் சிரித்து, "பாத்தியாம்மா, வீட்டுலயே இருக்கிறதுதானே" என்றார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு ரஸ்க் அறைக்குப் போனாள். அன்று அடுக்கிய ரஸ்க் வரிசைகளில் ஒன்றுகூட நேராக இல்லை.

*

காலை ரொட்டிக்கும் சாயங்கால பன்னுக்கும் நடுவில் மாஸ்டர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுப்பார். அன்றும் பாயில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது, தூங்கவில்லை.

அவள் டீ போட்டாள். குடத்துக்கு மேலே ஆணியில் தொங்கிய பெரிய டம்ளரைக் கழற்றினாள். கழற்றிய இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. டீயை அதில் ஊற்றிச் சர்க்கரையைப் போட்டாள். கலக்கவில்லை. அடுப்படியிலேயே நின்று குடிக்கலாம் என்று நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று முன்னறைக்கு எடுத்து வந்து, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். "ஏங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார்.

அவர் பார்க்கப் பார்க்க அவள் குடித்தாள். முதல் மிடறு தொண்டையில் நின்று யோசித்து இறங்கியது. இரண்டாவது அவ்வளவு யோசிக்கவில்லை. பாதி ஆனதும் நீட்டினாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து வாங்கினார். டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சமையலறைச் சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"கசந்திருக்குமே" என்றார். "கலக்கவே இல்லையா?"

"கலக்கினா உங்களுக்கு அடியில என்ன இருக்கும்?" என்றாள் அவள். "குடிங்க. ஆறுது."